கோமதியின் மூடிய கை

அன்று காலை நான் முதலில் செய்தது, பெட்டியில் பனிக்கட்டி நிரப்பியது. தார்நாகாவில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. உறைபெட்டியைத் திறந்து, கோமதியின் கையெழுத்து இருந்த ஒரு சிறு குழாயை எடுத்துப் பனிக்கட்டியில் செருகினேன். அது உருகத் தொடங்கியபோது கைபேசி ஒலித்தது. கோமதியின் நாத்தனார் சுதா.

"அண்ணி போயிட்டாங்க. தூக்கத்துலயே. காலைல அண்ணன் எழுப்பிப் பாத்தாரு, எழுந்திரிக்கல. டாக்டரும் வந்து பாத்துட்டாரு. பன்னெண்டுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. உடனே வாங்க."

"இதோ கிளம்பறேன்" என்றேன். கிளம்பவில்லை.

அந்தக் குழாயில் இருந்தது ஆட்டுத் தசையிலிருந்து கோமதி பிரித்தெடுத்த நுண்ணிய பைகள். அவற்றின் சுவரில்தான் கால்சியம் பம்ப் என்கிற புரதம் பதிந்திருக்கும். ஒருமுறை உருகினால் மறுபடி உறையவைக்கக் கூடாது. வைத்தால் பம்ப் பழுதாகிவிடும். "உருகினது உருகினதுதான், உக்காந்து முடிச்சிட்டுப் போ" என்பது கோமதி எங்கள் எல்லோருக்கும் போட்டிருந்த சட்டம். நான் உட்கார்ந்து முடித்தேன். அவள் கையால் செய்தது வீணாகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பம்ப் வேலை செய்வதைக் காட்டும் கோடு கருவியில் மேலே ஏறிக்கொண்டிருந்த வரை அவள் சாகவில்லை என்று இருந்தது. ஆனால் இந்தக் காரணத்தையும் இப்போது என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. உறைபெட்டியில் அதே போல வேறு குழாய்களும் இருந்தன. இதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மாரெட்பள்ளியில் கோமதியின் வீட்டு முன் நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவளை ஏற்றிய வண்டி போய்விட்டிருந்தது. சுதா என்னைப் பார்த்தாள். "மெட்டுகூடாவுல மாட்டிக்கிட்டேன், ஒரே டிராஃபிக்" என்றேன். அவள் நம்பினாள்.

கோமதி என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் கரூரிலிருந்து இந்த ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில் அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா நக்கோ, வேண்டாம். அக்கான்னா நீ எங்கூட சண்டை போட மாட்ட. எனக்குச் சண்டை போடற ஆள்தான் வேணும்" என்றாள். அதனால்தான் நம் சங்க இதழிலும் அவள் என்றே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள்.

அவள் சைவம். முட்டைகூடத் தொடமாட்டாள். ஆனால் தசை புதிதாக வேண்டும் என்பதால் விடிந்ததும் பனிக்கட்டிப் பெட்டியோடு கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பாள். ஒருமுறை நானும் உடன் போனேன். இன்று பிரியாணியா என்று கடைக்காரர் சிரித்தார். "க்யா மேடம், ஆஜ் பிரியாணி?" "பிரியாணி நக்கோ பாய், பம்ப் சாஹியே!" பம்ப்தான் வேண்டும் என்றது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, முதுகுத் தசையில் கொழுப்பில்லாத துண்டை அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். திரும்பும்போது எதிர் வீட்டு அம்மாள் பெட்டியை உற்றுப் பார்க்க, "ஆபீஸ் வேலை மாமி, அடுப்புக்குப் போகாது" என்று இவளே முந்திக்கொண்டாள்.

நம் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் அவள் பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரையும் கையை இறுக மூடச் சொன்னாள். பிறகு திறக்கச் சொன்னாள். "எது கஷ்டம்?" என்று கேட்டாள். மூடுவதுதான் என்று எல்லோரும் சொன்னோம். அவள் சிரித்தாள்.

"மூடச் சொல்லி மூளை சொன்னதும், தசை செல்லுக்குள்ள ஒரு பையில பூட்டி வெச்ச கால்சியம் எல்லாம் வெளிய கொட்டும். தசை சுருங்கும். கல்யாண வீட்டுல சாமானை இறைக்கிற மாதிரி, ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா கை விரியணும்னா அத்தனையையும் திரும்ப அள்ளிப் பைக்குள்ள போடணும். யாரு போடுவா? அதான் பம்ப். ரெண்டு கால்சியம் உள்ள தள்ள ஒரு பங்கு சக்தி செலவு. ஓய்வெடுக்கத்தாங்க உடம்பு இப்படி உழைக்குது!"

"அப்போ எங்க வீட்டுல நான்தான் பம்ப்பு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் அடங்க வெகுநேரமாயிற்று.

அந்தக் கூட்டத்துக்காகப் பம்ப்பின் மாதிரி ஒன்றைச் செய்துகொடுத்தவர் அவள் கணவர் சுந்தர். நாச்சாரத்தில் ஒரு சிறு தொழிற்சாலையில் லேத் பிரிவைப் பார்க்கிறவர். பையின் சுவருக்காக ஒரு தகடு. அதை ஊடுருவி நிற்கும் பத்து அலுமினியக் கம்பிகள். மேலே தலை போல மூன்று துண்டுகள். கைப்பிடியைத் திருப்பினால் தலைத் துண்டுகள் நெருங்கும், கம்பிகள் நகரும், நடுவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணிகள் மறுபக்கம் விழும்.

"ஒரு கம்பிகூட நேரா இல்லையேடி. எவன் போட்ட டிராயிங் இது?" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

"மேல போறப்போ கேட்டுச் சொல்றேன். இப்போ சாய்வா வெல்டு பண்ணு. ஒரு பக்கக் கதவு சாத்தின அப்புறம்தான் மறு பக்கம் திறக்கணும். ரெண்டும் ஒண்ணா திறந்துதுன்னா அது பம்ப் இல்ல, ஓட்டை."

ஆய்வகத்தில் அவளுடைய வாசகம் வேறு. யார் எந்த வரைபடத்தைக் கொண்டுபோனாலும் இரண்டு கேள்விகள்: "இது என்ன சொல்லுது? என்ன சொல்லலை?" ஒருமுறை என் முடிவுரையில் பாதியை அடித்துவிட்டாள். நான் கோபத்தில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனேன். மறுநாள் எனக்குத் தேநீர் வாங்கி வைத்துவிட்டு, அடித்ததை அடித்தபடியே விட்டிருந்தாள். அவள் அடித்தது சரிதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுந்தரைப் பார்க்கப் போனேன். அவரே காப்பி கலந்து கொண்டுவந்தார். "அன்னிக்கு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நீ எவ்ளோ தவிச்சிருப்பம்மா" என்றார். நான் காப்பியை ஆற்றத் தொடங்கினேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவ வலது கை மூடியே இருந்துது. வெத்தல பாக்கு வைக்கணும்னாங்க. நான் விரலைப் பிரிக்கப் பாத்தேன், வரலை. அவ்ளோ இறுக்கமா மூடியிருக்கான்னா வலியிலதானே? நான் பக்கத்துலயேதான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியாமப் போச்சு."

"அப்படியெல்லாம் இருக்காதுண்ணா" என்றேன். எதிர் வீட்டு மாமிகூட இதைச் சொல்லியிருப்பாள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இந்த ஊரில் சிலர்தான். அவர்களில் ஒருத்தி அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

தூங்குகிற யாருடைய கையும் பாதி மூடித்தான் இருக்கும். உயிர் போன பிறகு செல்லுக்குச் சக்தி வருவது நிற்கிறது. பம்ப் நின்றுவிடும். பையிலிருந்து கசிகிற கால்சியத்தை அள்ளிப்போட ஆளில்லை. சுருங்கிய தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடுவதற்கும் அதே சக்திதான் வேண்டும், அதுவும் இல்லை. கை எப்படி இருந்ததோ அப்படியே இறுகிவிடும். சில மணி நேரம் கழித்து யார் பிரித்தாலும் வராது. சுந்தர் தொட்டது அந்த இறுக்கத்தை. அவளுடைய வலியை அல்ல.

இதை நான் ஏன் சொல்லவில்லை? பம்ப் என்று வாயெடுத்தால் பேச்சு அந்தக் காலையில் போய் நிற்கும். மெட்டுகூடா என்று நான் சொன்ன பொய்யை வைத்தே அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். என் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, அவருடைய மனைவி வலியில் போனாள் என்ற எண்ணத்தோடு அவரை விட்டுவிட்டு வந்தேன். கோமதியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதைவிட இது பெரிய பிழை.

கோமதி ஆய்வகத்தில் வைத்திருந்த, சுந்தர் செய்த பம்ப் மாதிரி இப்போது என் மேசையில் இருக்கிறது. "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்" என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொன்னார்கள். அன்று காலை எடுத்த அளவீடும் கணினியில் இருக்கிறது. அழகான கோடு. இன்னும் அதை யாருக்கும் காட்டவில்லை. இவை இரண்டையும் கோமதியின் நினைவாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் வைத்துக்கொள்வது அவளுடைய அந்த இரண்டு கேள்விகளை மட்டும்.

அவள் கை என்ன சொல்கிறது? பம்ப் நின்றுவிட்டது என்று சொல்கிறது. என்ன சொல்லவில்லை? வலித்தது என்று சொல்லவில்லை. வலிக்கவே இல்லை என்றும் சொல்லவில்லை. கோமதியாக இருந்தால் அந்தக் கடைசி வரியை அடிக்க விடமாட்டாள். நானும் அடிக்கப் போவதில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதிரியை எடுத்துக்கொண்டு மாரெட்பள்ளிக்குப் போகிறேன். சுந்தர் கையால் செய்த கைப்பிடியை அவரையே திருப்பச் சொல்லி, அது நின்றால் என்ன ஆகும் என்று காட்டுவேன். முதலில் கை. என் பாரம் கொஞ்சம் காத்திருக்கலாம். அவருடையது காத்திருக்கக் கூடாது. அவருக்குப் புரிந்தபின், அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி, அன்று மெட்டுகூடாவில் டிராஃபிக் எதுவும் இருக்கவில்லை என்று சொல்வேன். இந்த இதழ் அச்சாகி உங்களிடம் வருமுன் அவருக்குத் தெரிந்திருக்கும்.