ஒரே முகவரியில் இரண்டு சைட்மேப்

என் தங்கையின் புடவைகளை யாரும் பார்த்துவிடாதபடி இரண்டு மாதமாக மறைத்து வைத்திருந்தவன் நான்தான். வேண்டுமென்று அல்ல, அக்கறையாக. அந்த அக்கறைதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் அவளும் மாப்பிள்ளையும் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார்கள். பெரிய கடை ஒன்றுக்கு நெய்து கொடுப்பதை நிறுத்திவிட்டு, இனி நாமே விற்போம் என்று துணிந்தது இந்த வருடம்தான். ஆவணி முகூர்த்தங்களுக்குள் புடவைகள் நகராவிட்டால் மறுபடி அந்தக் கடையின் படி ஏற வேண்டும். இணையதளம் போட்டுத் தருகிறேன் என்று நான் முன்வந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குக் கொடுக்கும் பட்டியல்தான் சைட்மேப். அதைத் தானாகவே எழுதித் தர, தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் பிளக்-இன் என்ற சின்ன மென்பொருள் ஒன்று போதும். நான் இரண்டு போட்டேன். காஞ்சிபுரத்துக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரணம் அது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அதே மாதிரி ஒரு பிளக்-இன் புடவைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொன்று பட்டு நெசவைப் பற்றி நான் எழுதிச் சேர்த்திருந்த கட்டுரைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தங்கை பீரோவிலிருந்த புடவைகளை எடுத்து மடிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். விற்காத பட்டுப் புடவையை அப்படியே விட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

“நெட்டுல தேடிப் பார்த்தேண்ணா. நம்ம பொடவ ஒண்ணு கூட வர்ல. நீ எழுதுனதுதான் வரிசையா வந்துக்கினு இருக்குது.”

“படிச்சியா?” என்றேன்.

“பொடவயக் காணோம்னு சொல்றேன்.”

கணினியைத் திறந்து சைட்மேப் முகவரியைத் தட்டினேன். என் கட்டுரைகள் அத்தனையும் இருந்தன. ஒரு புடவை கூட இல்லை. இரண்டு பிளக்-இன்களும் ஒரே முகவரியில் பட்டியல் போட்டிருந்தன. முந்திக்கொண்டது கட்டுரைக்கு வைத்தது. மற்றது புடவைகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டு, கேட்பார் இல்லாமல் காத்திருந்தது.

கட்டுரை பிளக்-இன்னை நிறுத்தினேன். மறுபடி திறந்தால் அதே கட்டுரைகள். தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று பழைய பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் மூன்றாவது பிளக்-இன் ஒன்றையும் நான் போட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் சேமிப்பை அழித்தேன். இப்போது பட்டியலே இல்லை, பக்கம் கிடைக்கவில்லை என்றது.

“இன்னா மச்சான், எதுனா தெரிதா?” என்றார் மாப்பிள்ளை தறியிலிருந்து.

“முன்னாடி தப்பா தெரிஞ்சது. இப்ப ஒண்ணுமே தெரியல.”

“சரி, பாருங்க,” என்றார். தறிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

தளத்தின் முகவரி அமைப்புப் பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் ‘சேமி’ என்பதை மட்டும் அழுத்தினால் சரியாகும் என்று எங்கோ படித்திருந்தேன். நம்பிக்கை இல்லாமல் அழுத்தினேன். பட்டியல் வந்தது. மாம்பழ நிறம், அரக்கு, மயில்கழுத்து என்று எல்லாப் புடவையும் வரிசையாக. அதைத் தேடுபொறிக்கு மறுபடி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். தங்கை அதே புடவைகளைத்தான் பீரோவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு பிளக்-இன்களிடமும் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தன. பட்டியலில் இல்லாத புடவை ஊருக்கு இல்லாத புடவை. அந்தப் பட்டியலில் யார் பெயர் வர வேண்டும் என்று தீர்மானித்தபோது என் பெயருக்கும் ஓர் இடம் ஒதுக்கியவன் நான். உதவி செய்யப் போகிறவன் தனக்கும் ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு போவது அவன் கண்ணுக்கே தெரிவதில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். சேலத்திலிருந்து ஒரு அம்மா நெட்டில் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்களாம். மகள் கல்யாணத்துக்கு மூன்று புடவை.

“பாத்தியா, சைட்மேப் சரியானதும் எப்படி வந்துச்சு,” என்றேன்.

“வந்துதுண்ணா. ஆனா அதுல போட்டோ எல்லாம் ஒரே மங்கலா இருக்குதாம், வாட்சப்ல அனுப்ப சொன்னாங்க. அனுப்புனேன், எடுத்துக்கினாங்க. நீ இனிமே அதுல எதுவும் பண்ணாதண்ணா. போன் நம்பர மட்டும் கொஞ்சம் பெர்சா போட்டு வுட்டுடு.”