பூட்டிய அறையில் அரை ஓம்

மண்ணூரில் நானும் ஒரு சாத்தூர்க்காரியும் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். எனக்கு ஜெனரல் ஷிப்ட், அவளுக்கு நைட் ஷிப்ட். வேறு வேறு கம்பெனி. காலையில் அவள் வந்து பாயில் விழும்போது நான் கிளம்புவேன். போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பூட்டு தொங்கினால்தான் யாரும் கதவைத் தட்டி எழுப்ப மாட்டார்களாம். அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் பார்த்த பெண்கள் பலர் இப்படித்தான் பகலெல்லாம் பூட்டிய அறைக்குள் தூங்கினார்கள். இன்னொரு சாவி அவள் பையிலேயே இருந்தது. உள்ளே கிடப்பவளுக்கு அதனால் என்ன பிரயோசனம் என்று இரண்டு பேருமே யோசித்ததில்லை. அவ்வளவு மூளைக்காரிகள்.

அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் போன் சார்ஜரும், வெந்நீர் போடுகிற ஹீட்டர் ராடும். ராடின் பிளக் லொடலொடவென்று ஆடும். ஆடாமல் நிற்க, காலண்டர் தாளை மடித்து ஓட்டைக்குள் சொருகியிருந்தோம். பெட்டி அவள் தலைமாட்டில் இருக்கும்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. அன்று காலை குளிப்பதற்காக வாளியில் ராடைப் போட்டாள். தண்ணீர் சூடாவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"போடி, தூங்கி எந்திச்சுக் குளிச்சுக்கிடுதேன். பூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். போனை எப்போதும்போல அணைத்துவிட்டாள். நான் பூட்டிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் டேபிள். கனெக்டர் வழியாகக் கரண்ட் விட்டு, அதன் இரு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். அன்று ஒரு கனெக்டர் இரண்டு ஆம்பியருக்கு ஒரு வோல்ட் காட்டியது. அரை ஓம். உள்ளே கம்பி சரியாகப் பிடிக்காமல் லூசாக இருந்தால் இப்படித்தான் காட்டும். கழித்துப் போடுவதற்கு முன் சும்மா பெருக்கிப் பார்த்தேன். ஒரு வோல்ட், இரண்டு ஆம்பியர்; இரண்டு வாட் சூடு. தொட்டால் லேசாகச் சுட்டது.

லூசு என்ற நினைப்பிலேயே எங்கள் அறையின் பிளக் கண்முன் வந்தது.

ராடு ஆயிரத்து ஐந்நூறு வாட். இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர். லூசான இடம் அதே அரை ஓம் என்று வைத்தால் அங்கே மூன்றேகால் வோல்ட் விழும். அதை ஆறரையால் பெருக்கினால் இருபத்தொரு வாட். பக்கத்து டேபிளில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்த சால்டரிங் அயர்ன் இருபத்தைந்து வாட். ஏறக்குறைய அதே சூட்டில் ஒரு காலண்டர் தாள். பக்கத்தில் தலையணை. எங்கள் பிளக் அரை ஓம்தான் என்று யார் சொன்னது? ஒரு ஓம் என்றால் நாற்பத்திரண்டு வாட். ராடின் சுவிட்சை அவள் அணைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கரண்ட் வந்தால் போதும்.

கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடும். ஊரில் கரண்ட் வந்ததா இல்லையா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"இன்னாமா, மூஞ்சி இப்படி வெளுத்துக்கீது?"

"சார், ரூம்ல பொண்ணு தூங்குது. வெளிய பூட்டிட்டு வந்துட்டேன். ஹீட்டர் ஆன்ல இருக்கு."

"உள்ள ஆள வச்சிப் பூட்டுவாங்களா? இரு, டேபிளுக்கு ஆள் போட்டுட்டு கேட் பாஸ் வாங்கித் தரேன்."

ஆள் வந்து, கையெழுத்து வாங்கி, லாக்கரிலிருந்து போனை எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் போன் அணைந்தே கிடந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரரும் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். பென்னலூர் தாண்டும்போது ஒரு டீக்கடையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். கரண்ட் வந்துவிட்டது. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் அந்தத் தாள்தான் தெரிந்தது.

வாசலில் வீட்டுக்கார அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. மேல இன்னாவோ கருகுற வாசனை வந்துச்சு. ஏறி வந்து பாத்தேன். பூட்டு தொங்கினு கீது, வூட்ல யாரும் இல்லன்னு எறங்கிட்டேன்."

படியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவிடுக்கில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன்.

அவள் கதவை ஒட்டி, தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எக்ஸ்டென்ஷன் பெட்டி பாதி உருகிக் கரியாகக் கிடந்தது. தலையணையின் ஓரம் கருகியிருந்தது. புகையில் விழித்து, வயரை முந்தானையால் சுற்றிப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கியிருக்கிறாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

"நெருப்ப அமத்திட்டேன்டி. அதுக்குப் பயப்படல" என்றாள். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. "அந்தம்மா படியேறி வந்தாக. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னாக. கூப்பிடுதேன், கூப்பிடுதேன், புகையில சத்தமே வரல. கையால தட்டணும்னு தோணுறதுக்குள்ள, யாரும் இல்லன்னு சொல்லிட்டு எறங்கிட்டாக."