ஜன்னலை மூடலாமா?

புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால், கீழவாஞ்சூரில், நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் எங்கள் நாகப்பட்டினம் பஸ் நிற்கிறது. கரித்தூள் உள்ளே பறக்கிறது. பக்கத்து இருக்கைப் பெண் "டார்ஃப் இஷ்?" என்று கேட்டபடியே என்னைத் தாண்டிக் கை நீட்டி ஜன்னலை மூடுகிறாள்.

"என்ன பாஷைம்மா இது?"

"ஜெர்மன் தாத்தா. 'செய்யலாமா'ன்னு அர்த்தம். அங்க நர்ஸ் வேலைக்குப் போகணும். நாளைக்குப் பேசுற பரீட்சை."

"கேட்டது சரி. நான் பதில் சொல்றதுக்குள்ள மூடிட்டியே!"

அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "போன தடவ இதுலதான் ஃபெயிலு. பிரஷர் பாக்கலாமான்னு கேட்டுக்கிட்டே கையப் புடிச்சிட்டேன்."

"என்னை நோயாளியா வச்சுக்க. கேளு."

கேட்கிறாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருக்கிறாள். "நைன்" என்கிறேன். வேண்டாம் என்று பொருள். எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்.

"வேண்டாம்னா என்ன பண்றது? எங்க ஜெர்மன் கிளாஸ் மேடம் எப்பவும் சரின்னுதான் சொல்லுவாங்க!"

எனக்கும் தெரியவில்லை. 'கிளம்பலாமா' என்று மனைவியிடம் கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவன் நான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை. இப்போது கேட்பதற்கு அவள் இல்லை.

லாரிகள் நகர்கின்றன. அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக ஜெர்மனில் ஏதோ கேட்கிறாள்.

"என்னம்மா கேட்ட?"

"'அப்ப, அப்பறமா வரலாமா?'ன்னு."

நான் வேண்டுமென்றே யோசிக்கிறேன். பஸ் புதுச்சேரி எல்லையைத் தாண்டுகிறது. அவள் கைகள் மடியிலேயே இருக்கின்றன.

"தாராளமா வாம்மா."