என் வாசலில் வந்து விழவேண்டும்

சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள் நான். அம்மனை நம்புகிற தாய்மார்களே, என் வேண்டுதல் பலித்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அது நல்ல வேண்டுதல் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் நாசமாகப் போகவேண்டும் என்று வேண்டினேன்.

ஒரு காலத்தில் அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள்தான் நான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மழைக்காக என் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கின் மடிப்பில் ஒரு பிடி பச்சைக்காய் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது கூடைக்குத் தப்பிய காய் அதில் விழும். எல்லோருக்கும் விழும். அது பேச்சிக்கும் தெரியும். ஆனால் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டதும், "அவ எடுத்து ஒளிச்சத நான் பாத்தேன் சாரே" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அன்று முதல் எனக்குப் பெயர் 'கள்ளி'. மலையாளத்தில் திருடியை அப்படித்தான் சொல்வார்கள். என்னைக் களை வெட்ட அனுப்பினார்கள். பேச்சிக்கு மழை படாத ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. என் மகள் கவிதாவோடு பள்ளிக்கூடத்தில் யாரும் சேரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷமும் அது அணையவே இல்லை.

எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் ஒரு நீதிக்கல் உண்டு. அநியாயம் செய்யப்பட்டவர்கள் ஐந்து செவ்வாய்க்கிழமை தங்கள் கையாலேயே மிளகாய் அரைத்து அதில் பூசவேண்டும். வேண்டுவதை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நீதி கிடைத்ததும் மறக்காமல் வந்து எண்ணெய் பூசிக் கல்லைக் குளிரவைக்கவேண்டும். போன ஆடியில் தொடங்கினேன். "பேச்சி என் வாசல்ல வந்து விழணும். லயமே கூடி நின்னு பாக்கணும்." இதுதான் நான் கேட்டது. கேட்கும்போதே எனக்கு இனித்தது.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை விடாத மழை. கவிதாவுக்குக் காய்ச்சல். "இன்னைக்கு மட்டும் போகாதம்மா" என்று கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பாதிக் கல் பூசியிருப்பேன். லயத்துப் பின்னால் மண்திட்டு சரிந்துவிட்டதென்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். "அம்மா தாயே, எம்புள்ளைய மட்டும் குடுத்துரு, வேற ஒண்ணும் வேணாம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பேச்சியின் பெயர் அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை.

என் வீட்டின் பின்சுவர் விழுந்திருந்தது. கவிதா வெளியே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். சுவர்க் கல் விழுந்து வலது கை நசுங்கி, வாசற்படி வரை வந்து, பேச்சி குப்புற விழுந்துகிடந்தாள். சுவர் முழுதும் விழுவதற்குள் உள்ளே புகுந்து என் மகளைத் தூக்கி வெளியே தள்ளியவள் அவள்தான். லயமே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கேட்டது கேட்டபடியே நடந்திருந்தது. ஒரு சொல் கூட மாறவில்லை.

மகளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் முகத்தைத் தொட முடியவில்லை. கை முழுக்க மிளகாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போயும் போயும் இவளா என் பிள்ளையைக் காப்பாற்றவேண்டும்? ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், "எதுக்கு உள்ள போன?"

"புள்ள கத்துச்சுடி. கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அன்னைக்குச் சொன்னது பொய்யிதான். ஸ்டோர் வேலைக்கு ஆசப்பட்டுட்டேன்."

அதே சொல்லை லயத்தார் முன்னால் சொல்லவைத்தேன். சூப்பர்வைசர் முன்னாலும் சொல்லவைத்தேன். விட்டுவிடுவேன் என்றா நினைத்தீர்கள்?

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கவிதாவிடம் எந்த வகுப்பு என்று கேட்டபோது, நான் முந்திக்கொண்டு ஒன்பது என்றேன். "பத்தும்மா" என்றாள் அவள். மூன்று வருஷமாகப் பேச்சி எத்தனை மணிக்கு எழுகிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் மகள் என்ன படிக்கிறாள் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையை நான் யாருக்குக் கொடுத்திருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

கல்லுக்கு எண்ணெய் பூசிவிட்டேன். இப்போது மாலையில் கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் படிப்பதைக் கேட்கிறேன். நீங்களும் அம்மனிடம் போங்கள். அவள் கேட்பாள். ஆனால் வாயைத் திறக்குமுன் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கோபம் முழுதும் போய்விட்டதா என்றால், இல்லை. ஆறாவது செவ்வாய்க்கிழமையும் மிளகாய் அரைத்தேன். கையில் கட்டுப் போட்டிருந்த பேச்சியக்கா வீட்டு அம்மியில், அவளுடைய குழம்புக்கு. இரண்டு மிளகாய் கூடத்தான் வைத்தேன்.