மேலே தூக்கிய கைகள்

பல் மருத்துவமனையில் எல்லோரும் அவளைச் சுடுதண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் வாய்க்குள் போய் வந்த கருவிகளை வாங்கி, தேய்த்துக் கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுப்பது அவள் வேலை. ஊரார் எச்சிலோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று டாக்டரம்மா கிண்டல் செய்வார்.

அந்த வேலை அவள் உடம்பில் ஒரு பழக்கத்தை ஏற்றிவிட்டிருந்தது. கையைக் கழுவியதும் முழங்கையை மடக்கி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொள்வாள். எதிலும் பட்டுவிடக் கூடாது. பஸ்ஸில் அழுக்குக் கம்பியைப் பார்த்தால்கூடக் கை தானாக மேலே போய்விடும். "யாருக்கா உனக்குத் துப்பாக்கியக் காட்டுனது?" என்று தம்பி கேட்பான்.

முப்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒரு வரன் வந்தது. பெரிய அக்காவின் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. டைல்ஸ் கடையில் விற்பனை பார்க்கிறவர்; வீட்டில் அவருக்கு டைல்ஸ்காரர் என்றே பெயராகிவிட்டது. இரண்டு தடவை காபிக் கடையில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். கலகலப்பான ஆள். வேலையை விடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொல்லிவிடு என்று அம்மா கேட்டிருந்தாள். மனசுக்குள் அவள் சரி என்று சொல்லி முடித்துவிட்டாள். வாயால் சொல்வதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு மதியம் டைல்ஸ்காரர் இரண்டு டிக்கெட்டோடு வந்தார்.

"உக்காந்து பாக்குற நாடகம் இல்லைங்க. நாமளும் அதுக்குள்ளதான் நிப்போம். தலைக்கு மேல தொங்குவாங்க, குதிப்பாங்க. கடையில எல்லாரும் பாத்துட்டாங்க."

பழைய கிடங்கு ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடி நாடக அரங்கு ஆக்கியிருந்தார்கள். நாற்காலி கிடையாது. வாசலில் முகம் முழுக்கச் சாயம் பூசிய ஒரு பெண் எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள்: "எங்களோட சேந்து விளையாட ஆசைன்னா ரெண்டு கையையும் தூக்குங்க. வேண்டாம்னா கையக் கட்டிக்கோங்க. உங்களத் தொடவே மாட்டோம்."

சுடுதண்ணி அப்போதே கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி நிக்கிறீங்க" என்றார் டைல்ஸ்காரர்.

"நான் இப்படியே நின்னு பாக்குறேன். நீங்க வேணா விளையாடுங்க."

உள்ளே போனதும் ஈரச் சாக்கும் வியர்வையும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. தரை பிசுபிசுத்தது. மேலே கயிற்றில் தலைகீழாகச் சுழன்றவர்களின் வியர்வை கீழே நின்றவர்கள் மேல் தெறித்தது. சிலர் அதை முகத்தில் ஏந்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் வெறுங்காலோடு ஆட்களின் தோளில் மிதித்து நடந்து போனான். அவன் பாதத்தின் கறுப்பு அவர்கள் சட்டையில் அச்சாக விழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதற்குப் பிறகு விருந்துக் காட்சி. பிசைந்த மாவை உருட்டிக் கூட்டத்தின் மேல் எறிந்தார்கள். ஒரு பெரிய கூஜாவில் ஏதோ பழரசம் வாய்க்கு வாய் மாறி வந்தது. எல்லோரும் அதிலேயே வாய் வைத்துக் குடித்தார்கள். மற்றவர்கள் கண்ணுக்கு அது கூஜா. அவள் கண்ணுக்கு வீங்கிய ஈறும், பல்லிடுக்குக் காரையும், வெள்ளை படிந்த நாக்குமாக வரிசையாக வாய்கள்தான் தெரிந்தன. டைல்ஸ்காரர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மீசையைப் புறங்கையால் துடைத்து, கூஜாவை அவள் கையில் திணித்தார். விளிம்பில் எச்சில் நூலாகத் தொங்கியது. அதை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டாள். கைப்பையிலிருந்த கிருமிநாசினியை எடுத்து இரண்டு கைகளிலும் தேய்த்தாள்.

தேய்த்து முடித்ததும் கைகள் வழக்கம்போல மேலே போயின.

அவ்வளவுதான். எங்கிருந்தோ ஒரு கயிற்றாட்டக்காரன் அவள் முன்னால் இறங்கினான். இன்னொருத்தி அவள் இடுப்பில் பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். முரசுச் சத்தத்தில் அவளுடைய மெல்லிய குரல் யாருக்கும் எட்டவில்லை. பக்கத்தில் நின்றவர் டைல்ஸ்காரர் ஒருவர்தான். அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

"எனக்கு வேண்டாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

கயிற்றாட்டக்காரனும் டைல்ஸ்காரரைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்று கத்திக் கேட்டான்.

டைல்ஸ்காரர் சிரித்தார். கட்டை விரலை உயர்த்தி, "தூக்குங்க, தூக்குங்க!" என்றார்.

காலடியில் தரை போய்விட்டது. அவன் கை அவள் முதுகைச் சுற்றியிருந்தது; அவனுடைய நனைந்த அக்குள் அவள் கன்னத்தில் ஒட்டியது. உப்புத் துளி ஒன்று உதட்டில் இறங்கியது. கீழே போன்களைத் தூக்கிப் பிடித்த கூட்டம் தட்டாமாலை சுற்றியது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. மதியம் சாப்பிட்டதெல்லாம் அவன் தோளிலேயே வந்துவிட்டது.

அவன் முகம் சுளிக்காமல் கீழே சைகை காட்டினான். தரைக்கு வந்ததும் கொக்கியை அவனே கழற்றினான்.

"மன்னிச்சுக்கோங்க. கையத் தூக்கியிருந்தீங்க. அவரும் தூக்கச் சொன்னாரு."

"கை தூக்கினது என் தப்பு" என்றாள்.

வெளியே குழாயடியில் அவள் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். டைல்ஸ்காரர் போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

"உங்க மூஞ்சியப் பாருங்களேன். வீடியோவ எங்க வீட்டு குரூப்ல போட்டுட்டேன். அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ல தண்ணியாம்."

"நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. முதல்ல எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க. மேல போனா பிடிச்சுடும்னு நினைச்சேன்." அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. எச்சிலைக் கழுவிவிடலாம். இந்தச் சிரிப்போடு ஒரே வீட்டில் தினமும் என்ன செய்வது?

"கல்யாணப் பேச்சு வேண்டாங்க" என்றாள்.

"இதுக்கா? இந்த ஒரு விளையாட்டுக்கா?"

"ஆமாங்க."

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குடிக்கிறானா, அடிக்கிறானா, வாந்தி எடுத்ததைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதானே என்றாள். தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். அந்த வீடியோ கை மாறி அவனுக்கும் வந்திருந்தது.

"நான் சொன்னது காதுல விழுந்தும் அவரு தூக்கச் சொன்னாரும்மா. எனக்கு வேண்டாம்."

 அம்மா போனை எடுத்துப் பெரிய மருமகனைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, அவ வேண்டாங்கறா... எனக்கும்தான் விளங்கல. இல்ல, யோசிச்சுச் சொல்ல ஒண்ணுமில்ல. வேண்டாம்னுட்டா, அப்படியே சொல்லிடுங்க."

சுடுதண்ணி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். முடியில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.