சிக்னல் மாமாவும் பிரஷர் மிஷினும்

அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ராயபுரம் வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, எங்களோடு ஒரு பிரஷர் மிஷினும் வந்தது. பட்டையைக் கையில் சுற்றி பட்டனை அமுக்கினால் தானே உறுமி, தானே எண்ணைக் காட்டும். செல்போனே தெருவுக்கு நாலு பேரிடம் இருந்த காலம். எங்கள் சந்துக்கு அதுதான் முதல் மிஷின். காலையும் மாலையும், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பொறுப்பு வந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். பிரஷர் அடங்கினால்தான் ஹார்பர் டாக்டர் சர்டிபிகேட் கொடுப்பார், அப்பா மறுபடி கிரேனில் ஏறலாம். இல்லையென்றால் கேட்டில் உட்கார்ந்து லாரி சீட்டு பார்க்கும் வேலை.

"நான் இன்னா கேட்ல குந்திகினு ஈ ஓட்றதுக்கா பொறந்தேன்?" என்பார், இருமினால் வலிக்காமலிருக்க நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி. கிரேன் உச்சியில் அவர் உட்காரும் அந்தக் கண்ணாடிக் கூண்டை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காலை எண் சமர்த்தாக இருந்தது. சாயங்கால எண்தான் வாலாட்டியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அப்பாவுக்குத் தலை சுற்றியதே தவிர எண் இறங்கவில்லை. "இப்படியே போனா கிரேனை மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

காரணமோ தினமும் என் கண்ணெதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் சிக்னல் மாமா. கப்பலின் அடித்தட்டில் நடப்பது கிரேனில் இருப்பவருக்குத் தெரியாது. மேல்தட்டில் நின்றபடி ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே காட்டுபவர் இவர். இன்னொருவர் கப்பலுக்குள் மூட்டை அடுக்கும் மாமா. அவர் தொண்டைக்கு முன்னால் ஹார்பர் சங்கு தோற்கும். ஷிப்ட் முடிந்து, கரித்தூசி படிந்த சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நான் பட்டையைச் சுற்ற ஆரம்பித்ததும் பந்தயம் தொடங்கும்.

"இன்னிக்கு நூத்தம்பது. டீ உன் தலையில" என்பார் மூட்டை மாமா.

"போபா, மாமு டல்லா கீறாரு. தாண்டாது."

"யாரு டல்லு? வெச்சிப் பாரு, எப்டி ஏறுதுன்னு" என்று அப்பா முஷ்டியை முறுக்குவார்.

எண் ஏற ஏற, கேரம் போர்டில் ரெட் விழுந்த மாதிரி மூட்டை மாமா கத்துவார். அம்மா சிரித்துக்கொண்டே வடை கொண்டு வருவாள். ஆஸ்பத்திரி வாசனை போய் வீடு பழையபடி வீடாக இருந்த நேரம் அது ஒன்றுதான். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

இந்தக் கூத்துதான் எண்ணை ஏற்றுகிறது என்று, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் எனக்கு உறைத்தது. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும்.

"மாமா, நீங்க டீ குடிக்கறதுக்கு எங்கப்பா கிரேனை உட்டுட்டு கேட்ல குந்தணுமா?"

"சின்னப் பொண்ணு, உடுபா" என்றார் அப்பா. சிக்னல் மாமா மிஷினையே பார்த்தபடி சொன்னார்.

"பாப்பா சொல்றது கரீட்டுதான். தப்பு எங்களுது. நாளைலேர்ந்து கம்மியா வந்தாத்தான் பந்தயம்."

இனி வரவே மாட்டார்கள் என்று அம்மா என்னைத் திட்டினாள். வந்தார்கள். ஹார்பரிலேயே பெரிய வாயாடிகள் இரண்டு பேரும், மாதா கோயிலுக்குள் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். மூட்டை மாமா தும்மலைக்கூட அடக்கினார். சிக்னல் மாமா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வலது உள்ளங்கையைத் தரையைப் பார்க்க நீட்டி, மெல்ல மெல்லத் தாழ்த்தினார். சரக்கு அலுங்காமல் அடித்தட்டில் உட்கார அவர் காட்டும் சைகை அது. அப்பா அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாளாக ஆக எண் இறங்கியது. வெளியே கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருக்க, உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சர்டிபிகேட் வாங்கும் நாள் வந்தது. நானும் கூடப் போனேன். ஹார்பர் டாக்டர் தன் மிஷினின் பட்டையை அப்பாவின் கையில் சுற்றினார். எண் பழைய உயரத்துக்கே போய் நின்றது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், வெளிய நம்ம ஆளு ஒருத்தர் கீறாரு. அவர உள்ள கூப்ட்டு இன்னொரு தபா பாருங்க" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். என்னவென்று விளக்குவது? "ப்ளீஸ் சார்" என்றேன்.

சிக்னல் மாமா வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளங்கையைத் தாழ்த்தினார். மெல்ல. இன்னும் மெல்ல. மிஷின் உறுமி அடங்கியது. டாக்டர் எண்ணைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

அந்த வாரமே அப்பா கிரேன் ஏணியில் ஏறினார். ரிடையர் ஆகும்வரை அந்தக் கூண்டில்தான் இருந்தார்.

இப்போது மூன்று பேருமே இல்லை. போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார்கள். நாடித்துடிப்பைப் பார்த்து அதுவே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுகிறது. யாரும் பட்டையைச் சுற்ற வேண்டாம், யாரும் வீட்டுக்கு வர வேண்டாம். துடிப்பு ஏறினால் அமைதியாக உட்காரச் சொல்லி எழுத்து வருகிறது. உட்காருகிறேன். எதிரே யாரும் இல்லாததால், நானே என் வலது உள்ளங்கையை நீட்டி மெல்லத் தாழ்த்துகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறங்குகிறது.