மாஹே வரைக்கும் ஒரே டேங்க்

நான் கஞ்சன் இல்லை, கணக்காக இருப்பவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூடாரம் போட்டுத் தங்கும் பயணத்துக்கு விடியற்காலையில் புதுச்சேரி மூலக்குளத்தில் டேங்க்கை நிரப்பினேன். "இனி மாஹேலதான் பெட்ரோல். அதுவும் நம்ம புதுச்சேரிதான், கேரளாவ விட வெல கம்மி" என்றேன் மனைவியிடமும் மகளிடமும். முள் இறங்க இறங்க ஏசியை அணைத்தேன். வழியில் வந்த பங்க்குகளை முறைத்துக்கொண்டே கடந்தேன்.

பொழுது சாயும்போது, மாஹே வரவேற்புப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால் கார் நின்றுவிட்டது.

"ஸ்டியரிங்கப் புடிங்க மகாராஜா" என்று மனைவி மகளோடு இறங்கித் தள்ளினாள். ஸ்கூட்டரில் போன மாஹேக்காரர் ஒருவர் நம்பர் பிளேட்டைப் பார்த்து, "பாண்டியோ? நம்ம ஆளாணல்லோ!" என்று தானும் சேர்ந்து தள்ளினார்.

மாஹே பங்க்கில் டேங்க்கை நிரப்பிவிட்டு வெற்றியோடு நிமிர்ந்தேன்.

"அப்பா, பாலக்காட்டுல மலை மேல மேகம் எறங்குச்சே, பாத்தியா?" என்றாள் மகள்.

நாள் முழுக்க நான் பார்த்தது பெட்ரோல் முள்ளை மட்டும்தான்.